பார்த்தவர் சொல், எழுதியவர் சொல்

கம்பாலப்பள்ளி என்கிற பெயர் ஓசூர் பக்கம் இருக்கிற நம்மாட்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. தெரிந்திருக்க வேண்டிய பெயர். இங்கிருந்து மாலூர், கோலார் வழியாகப் போனால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் சிந்தாமணி தாலுகா வந்துவிடும். அந்தத் தாலுகாவில் உள்ள ஒரு கிராமம் அது. 2000 மார்ச் 11 அன்று அங்கே தலித்துகள் 7 பேரை வீட்டுக்குள் வைத்து உயிரோடு கொளுத்தினார்கள். இரவில் யாரோ முகம் தெரியாத கூலிப்படை வந்து செய்துவிட்டுப் போன காரியமல்ல. ஊர் கூடிச் செய்தது. எரித்தவன் யார், எரிந்தவன் யார் என்பது அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

2006 டிசம்பரில் கோலார் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அத்தனை பேரையும் விடுதலை செய்தது. 2014-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அந்த விடுதலையை உறுதி செய்தது. சொல்லப்பட்ட காரணம் எளிமையானது: நேரில் பார்த்த சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள். முதலில் பார்த்தோம் என்றவர்கள் கூண்டில் ஏறி, பார்க்கவில்லை, தெரியாது, அடையாளம் சொல்ல முடியாது என்றார்கள். 6 வருஷத்தில் 7 பிணங்களையும் ஞாபகத்திலிருந்து துடைத்துவிட முடியுமா என்று கேட்கக்கூடாது. எந்த ஊரில், யாருடைய நிலத்தைத் தாண்டி, யாருடைய கடையில் உப்பு வாங்கி அந்த 6 வருஷத்தை ஓட்டினார்கள் என்று கேட்க வேண்டும்.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சட்டம் படிக்கிற நம் பிள்ளை ஒருவர் என்னிடம் கேட்டார்: “கண்ணால பார்த்த சாட்சிய நம்ப முடியாதுன்னு விஞ்ஞானமே சொல்லுதுங்களே. அப்ப ஜட்ஜுங்க நம்மாளுங்க சாட்சிய ஒதுக்குனது சரிதானேண்ணா?” நல்ல கேள்வி. கோபப்பட்டுத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. நம்மில் பலர் இதற்கு, விஞ்ஞானமும் பார்ப்பனியம்தான் என்பதாக ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அது சோம்பேறிப் பதில். விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம்.

ஹ்யூகோ முன்ஸ்டர்பெர்க் என்கிற உளவியல் பேராசிரியர் 1908-லேயே சாட்சிக் கூண்டைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். தன் வீட்டில் நடந்த திருட்டைப் பற்றித் தானே நீதிமன்றத்தில் சொன்ன சாட்சியம் எப்படித் தப்பும் தவறுமாக இருந்தது என்று அதில் எழுதினார். பேராசிரியர், பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாதவர், சொந்த வீடு. அப்படியும் தப்பு. 1974-ல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டி, வேகம் என்ன இருக்கும் என்று கேட்டார்கள். ஒரு கூட்டத்திடம் கார்கள் “தொட்டுக்கொண்டபோது” என்று கேட்டார்கள். இன்னொரு கூட்டத்திடம் “நொறுங்க மோதிக்கொண்டபோது” என்று கேட்டார்கள். படம் ஒன்றேதான். முதல் கூட்டம் சராசரியாக மணிக்கு 31.8 மைல் என்றது, மற்றது 40.5 மைல் என்றது. அடுத்த சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். நொறுங்க மோதியது என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. கேட்கிறவன் வாயிலிருந்து வந்த ஒரு சொல், பார்த்தவன் கண்ணுக்குள் போய்க் கண்ணாடியை உடைத்துவிட்டது.

அமெரிக்காவில் சிறையிலிருந்த பலர் பிற்பாடு டி.என்.ஏ. சோதனை வந்து குற்றமற்றவர்கள் என்று வெளியே வந்தார்கள். அவர்களில் முதல் 250 பேரின் வழக்குகளைப் பிராண்டன் காரட் என்கிற சட்டப் பேராசிரியர் எடுத்துப் பார்த்து 2011-ல் புத்தகமாக வெளியிட்டார். 190 வழக்குகளில், அதாவது நூற்றுக்கு 76-ல், கண்ணால் பார்த்த சாட்சி தவறான ஆளைக் காட்டியிருந்தார். ரொனால்ட் காட்டன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வட கரோலினாவில் 1984-ல் பாலியல் வன்முறைக்கு ஆளான வெள்ளைப் பெண் ஜெனிபர் தாம்சன், கறுப்பரான காட்டனை அடையாளம் காட்டினார். அந்த முகத்தை மறக்கக்கூடாது என்று அந்த இரவிலேயே கவனித்து மனதில் பதித்துக்கொண்டவர் அவர். 1987-ல் மறு விசாரணையின்போது உண்மையான குற்றவாளியையே நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை என்றார். 1995-ல்தான் காட்டன் வெளியே வந்தார். தாம்சன் பொய் சொன்னவர் அல்ல. பார்த்த முகம் போய், போலீஸ் காட்டிய முகம் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

இவ்வளவும் உண்மை. ஆனால் இந்த ஆராய்ச்சிகளில் ஒரு விஷயம் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். அங்கே சாட்சி பார்த்தது அந்நியனை. முன்பின் தெரியாத ஒருவனை, கொஞ்ச நேரம், பயத்தில், பெரும்பாலும் இருட்டில். வேறு இனத்து முகம் என்றால் தவறு இன்னும் கூடுகிறது. மால்பாஸும் கிராவிட்சும் 1969-லேயே இதைச் சோதித்துச் சொன்னார்கள். நம் வழக்குகளில் நடப்பது அதுவா?

பண்ணையில் வேலை செய்கிறவனுக்குப் பண்ணையாரின் முகத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் கிடையாது. வருஷக்கணக்காகப் பார்த்த முகம். முகம்கூட வேண்டாம். இருமுகிற சத்தம், செருப்புச் சத்தம், துண்டை உதறித் தோளில் போடுகிற விதம், பைக் வருகிற சத்தம் போதும். யார் வருகிறார், கோபமாக வருகிறாரா, குடித்துவிட்டு வருகிறாரா என்பதையெல்லாம் தூரத்திலேயே கண்டுகொள்வது நம்மாட்களுக்குப் பிழைப்பு சார்ந்த கல்வி. தெரியவில்லை என்றால் அடி விழும். எதிர்ப் பக்கத்தில் இந்தக் கல்வி அவசியமே இல்லை. “அந்தக் காலனிப் பசங்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கானுங்க” என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஒரு நஷ்டமும் கிடையாது. கீழே இருக்கிறவனுக்கு மேலே இருக்கிறவன் முகம் தெளிவாகத் தெரியும், மேலே இருக்கிறவனுக்குக் கீழே இருப்பது முகமாகவே தெரியாது. பார்வையிலும் சாதி இருக்கிறது. இந்த வித்தியாசத்தை வைத்துப் பார்த்தால், எந்தச் சாட்சியத்தை நீதிமன்றம் அதிகம் சந்தேகிக்க வேண்டும், எதைக் குறைவாகச் சந்தேகிக்க வேண்டும்? நடந்த சரித்திரம் தலைகீழாக இருக்கிறது.

கீழ்வெண்மணிக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு, 44 பேர். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள், ராமையாவின் குடிசைக்குள். எல்லோருக்கும் தெரிந்த கதை என்று தாண்டிப்போக முடியாது; தீர்ப்பைப் படித்தவர்கள் நம்மில் குறைவு. மிராசுதார்கள் 23 பேர் மேல் வழக்கு. 1970-ல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம், கோபாலகிருஷ்ண நாயுடு உட்பட 8 பேருக்குத் தண்டனை கொடுத்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களையும் விடுவித்தது. சாட்சிகள் எதைப் பார்த்தார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து, வெளிச்சம் இருந்ததா என்பதோடு நிற்காமல் நீதிபதிகள் வேறொரு வியப்பையும் எழுதி வைத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோருமே மிராசுதார்களாக இருப்பது ஆச்சரியமாம். பெரும்பாலோர் ஏராளமான நிலம் உள்ள பணக்காரர்கள், ஒருவர் கார் வைத்திருப்பவர். இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து வந்து தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

இதில் ஞாபகம் எங்கே வருகிறது? சாட்சியின் கண்ணைச் சோதிக்க வந்த நீதிமன்றம், கண்ணுக்குப் பதிலாகக் காரைச் சோதித்தது. நேரில் பார்த்தவர் சொன்னதை விட, பணக்காரர் எப்படி நடந்துகொள்வார் என்று நீதிபதி தன் அனுபவத்தில் வைத்திருந்த படம் நம்பகமான சாட்சியாகிவிட்டது. குடிசைகள் எரிகிற வெளிச்சத்தில், ஆயுசு பூராவும் பார்த்த முகங்களைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்நியனைக் காட்டச் சொன்னால் தவறலாம். சம்பளம் அளந்த கையைத் தவறவிடுவார்களா?

பிகாரில் 1996 ஜூலை 11 அன்று பதானி டோலாவில் 21 பேர் கொல்லப்பட்டார்கள். 2010-ல் ஆரா நீதிமன்றம் 23 பேருக்குத் தண்டனை விதித்தது. 2012-ல் பாட்னா உயர் நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுவித்தது. பக்கத்தில் ஒளிந்திருந்து பார்த்தோம் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னது நம்பத்தகுந்ததாக இல்லையாம். அவ்வளவு பக்கத்தில் இருந்திருந்தால் கொலைகாரர்கள் தேடிக் கண்டுபிடித்திருப்பார்களாம். ஆந்திராவில் சுண்டூர்: 1991 ஆகஸ்ட் 6 அன்று 8 பேர் கொல்லப்பட்டார்கள். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வரவே 2007 ஆனது. 2014-ல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விட்டது. 16 வருஷம் கழித்து ஒரு மனிதரைக் கூண்டில் ஏற்றி, எத்தனை மணிக்கு, எந்தக் கையில், எத்தனை அடி தூரத்தில் என்று கேட்பதைப் பற்றி எந்த உளவியல்காரரைக் கேட்டாலும் சிரிப்பார்.

கிட்டே இருந்தால் நீ செத்திருப்பாய், ஆகவே நீ அங்கே இல்லை. தூரத்தில் இருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது, ஆகவே நீ பார்க்கவில்லை. உடனே ஓடிப்போய்ச் சொன்னால் முன்கூட்டியே ஜோடித்தது, தாமதமாகச் சொன்னால் உட்கார்ந்து யோசித்துச் சொன்னது. இந்தக் கணக்கில் தலித் சாட்சி நிற்பதற்குப் பூமியில் ஒரு அடி இடமும் கிடையாது.

சட்டம் இப்படித்தான் இருக்கச் சொல்கிறதா என்றால், இல்லை. உச்ச நீதிமன்றமே 1983-ல் போக்கின்பாய் ஹிர்ஜிபாய் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சாட்சிக்குப் புகைப்பட ஞாபகம் இருக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது, நடந்ததை வீடியோ டேப் மாதிரி மனத்திரையில் திரும்ப ஓட்ட முடியாது, மணி நேரம், தூரம் எல்லாம் உத்தேசமாகத்தான் சொல்வார்கள், நீதிமன்றச் சூழலைக் கண்டு மிரள்வார்கள், குழம்புவார்கள், சின்ன முரண்களுக்காகச் சாட்சியத்தைத் தூக்கி எறியக்கூடாது. அதே 1983-ல் ராணா பிரதாப் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, கொலையைப் பார்க்கிற எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள மாட்டார்கள், ஒருவர் உறைந்து நிற்பார், ஒருவர் ஓடுவார், ஒருவர் கத்துவார் என்று எழுதினார். கும்பலாக வந்து தாக்கிய வழக்கில் என்ன செய்வது என்பதற்கு 1964-ல் மசால்டி வழக்கின் தீர்ப்பு இருக்கிறது: இரண்டு மூன்று பேராவது ஒத்துச் சொல்கிற ஆளைத் தண்டிக்கலாம். விஞ்ஞானத்துக்கும் இந்தத் தீர்ப்புகளுக்கும் பெரிய சண்டை ஒன்றுமில்லை. விதி இருக்கிறது, யாருக்கு அதைப் பிரயோகிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மசால்டி விதியிலும் நம்மாட்களுக்கு ஒரு கண்ணி உண்டு. ஆயிரம் பேர் கும்பலில் ஒவ்வொரு ஆளையும் மூன்று பேர் பார்த்திருக்க வேண்டும் என்றால், குடிசைக்குள் மாட்டிக்கொண்டவர்கள் ஒருவரை ஒருவர் கலந்து பேசிக்கொண்டா பார்ப்பார்கள்?

இனி நம் எல்லைப் பகுதிக்கு வருகிறேன். இங்கே இன்னொரு சங்கடம் இருக்கிறது. அது தஞ்சாவூரில் இல்லாதது.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, பாகலூர், பேரிகை பக்கங்களில் காலனிகளில் வீட்டு மொழி பெரும்பாலும் தெலுங்கு, கொஞ்சம் கன்னடம். சிப்காட் வந்த பிறகு திருவண்ணாமலை, வேலூர், தெற்குச் சீமை என்று எல்லா ஊர்த் தமிழும் வந்துவிட்டது. இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டன. காவல் நிலையத்தில் எழுதுகிறவர் தெற்கேயிருந்து மாற்றலாகி வந்தவராக இருப்பார். பார்த்தவர் தெலுங்கில் சொல்வார், கூட வந்த ஒருவர் அரைகுறைத் தமிழில் அதை மாற்றுவார், ஏட்டு அதைக் காவல் நிலையத் தமிழில் எழுதுவார். “நான் மேற்படி முகவரியில் என் குடும்பத்தாருடன் குடியிருந்து கூலி வேலை செய்து வருகிறேன். சம்பவத்தன்று இரவு சுமார் 11.30 மணியளவில்” என்று ஆரம்பிக்கும். எந்தக் கிழவியும் பூமியில் இப்படிப் பேசியதில்லை. பத்துச் சாட்சிக்கும் இதே வாசகம்தான், அச்சில் வார்த்த மாதிரி. பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, பத்துப் பேர் வாக்குமூலமும் ஒரே மாதிரி இருக்கிறது, ஆகவே சொல்லிக்கொடுத்தது என்பார். சொல்லிக்கொடுத்தது யார்? எழுதியவர்.

மொழியால் வருகிற வித்தியாசத்துக்கு ஒரு உதாரணம். தெலுங்கில் ‘மொன்ன’ என்றால் முந்தாநாள். ஆனால் பேச்சில் சமீபத்தில் ஒருநாள், அன்றைக்கு என்கிற அர்த்தத்திலும் தாராளமாக வரும். கன்னடத்து ‘மொன்னெ’யும் அப்படித்தான். ஒரு பெண் ‘மொன்ன நம்ம வூட்டாண்ட வந்து மெரட்டுனாரு’ என்று சொல்கிறார் என்று வையுங்கள். ஏட்டு முந்தாநாள் என்று கணக்குப் போட்டுத் தேதி எழுதிவிடுவார். நாலு வருஷம் கழித்து அந்தத் தேதியில் அந்த ஆள் திருப்பதியில் இருந்ததற்கு ரசீது வரும். சாட்சி பொய்யர் ஆகிவிடுவார். இதே மாதிரி, பெரியப்பா மகனை அண்ணன் என்பது நம் வழக்கம். எழுத்தில் ‘என் உடன்பிறந்த அண்ணன்’ என்று ஏறிவிடும். கூண்டில், “உனக்கு உடன்பிறந்தவர்களே இல்லையே, எப்படி அண்ணன் வந்தார்?” என்று கேள்வி வரும். நேரமும் அப்படித்தான். கம்பெனிப் பஸ் வருகிற நேரம், செகண்ட் ஷிஃப்ட் விட்டு ஆட்கள் வந்த நேரம், கரன்ட் போய் வந்த நேரம் என்று நம்மாட்கள் நேரத்தை வைத்திருப்பது கடிகாரத்தில் அல்ல. அது ஞாபகக் குறை இல்லை. சொல்லப்போனால் 11.30 என்பதை விட, செகண்ட் ஷிஃப்ட் பஸ் இறக்கிவிட்ட நேரம் என்பதுதான் சரிபார்க்கத் தோதானது. கம்பெனியில் பதிவேடு இருக்கும். அதை யாரும் போய்க் கேட்பதில்லை.

போலீஸ் எழுதிக்கொள்கிற இந்த வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை. போடக்கூடாது என்பது சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 161, 162 பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 180, 181. சாட்சியின் சொல்லைப் பொய்யாக்கத்தான் அந்தக் காகிதம் பெரும்பாலும் உதவும். ஆக, நீதிமன்றத்தில் நடப்பது என்ன? ஒரு மனிதரின் ஞாபகத்தை நடந்த சம்பவத்தோடு வைத்துப் பார்ப்பதில்லை. அவருக்குப் படித்துக்கூடக் காட்டாத, அவர் மொழியில் இல்லாத, இன்னொருவர் எழுதிய காகிதத்தோடு வைத்துப் பார்க்கிறார்கள். வித்தியாசம் வந்தால் மறந்தவர் சாட்சி. காகிதத்துக்கு மறதி கிடையாது. லாஃப்டஸ் சோதனையில் கேள்வி கேட்டவரின் சொல்தான் கண்ணாடியை உடைத்தது என்பதை இங்கே பொருத்திப் பார்க்கலாம்.

நாம் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது இந்தச் சந்தேகமெல்லாம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். 1871-ல் வந்த குற்றப்பழங்குடிச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. குறவர் என்றால் போதும். பார்த்த கண் தேவையில்லை, சாதிப் பெயரே அடையாள அணிவகுப்பு. சென்னை மாகாணத்தில் 1947-ல் அந்தச் சட்டம் போயிற்று. பழக்கம் போயிற்றா? 2023 ஜூனில் ஆந்திரத்துச் சித்தூர் போலீஸ் எல்லை தாண்டி வந்து, நம் கிருஷ்ணகிரி மாவட்டம் புளியாண்டப்பட்டியிலிருந்து குறவர் குடும்பங்களைத் திருட்டு வழக்கு என்று சொல்லித் தூக்கிப் போனது. பெண்கள் உட்பட எல்லோரையும் சித்திரவதை செய்ததாகப் புகார் எழுந்தது. எந்தச் சாட்சி எத்தனை அடி தூரத்திலிருந்து இவர்களைப் பார்த்தார் என்று அந்த ராத்திரியில் யாரும் கேட்கவில்லை.

கோலார் தங்கவயலையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். சேலம், வட ஆர்க்காடு பக்கமிருந்து போன நம்மாட்கள்தான் அங்கே சுரங்கத்தில் பெரும் எண்ணிக்கை. 1930-ல் கம்பெனி எல்லோரிடமும் விரல் ரேகை எடுக்கப் பார்த்தபோது வேலைநிறுத்தம் வெடித்தது. விரல் ரேகை கேட்பது கைதியிடம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மாட்சிமை தங்கிய விஞ்ஞான அடையாளம் முதலில் யார் விரலில் மையைத் தடவப் பார்த்தது என்பதைச் சட்டக் கல்லூரியில் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை.

மறுபடி சாட்சிகளிடம் வருகிறேன். நம் பகுதியிலேயே எதிர் உதாரணம் இருக்கிறது: வாச்சாத்தி. நம் மாவட்டம் 2004-ல்தான் தனியானது. அதற்கு முன்னே எல்லாம் தர்மபுரிதான். 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த மலைவாழ் மக்கள் கிராமத்தைச் சூறையாடின. 18 பெண்கள் மீது பாலியல் வன்முறை. அரசாங்கமே மறுத்த சம்பவம். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரிகளும் விடாமல் போராடி, 1995-ல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று நீதிபதி வேல்முருகன் சென்னை உயர் நீதிமன்றத்தில் அதை உறுதி செய்து, சாட்சியங்கள் ஒத்தும் நம்பத்தக்கதாகவும் இருக்கின்றன என்றார்.

கவனியுங்கள், இது பழகிய முகம் இல்லை. காக்கிச் சட்டைக்குள் வந்த நூற்றுக்கணக்கான அந்நியர்கள். விஞ்ஞானத்தின் கணக்குப்படி மிகக் கடினமான வழக்கு இதுதான். 19 வருஷ இடைவெளி வேறு. அப்படியும் நின்றது. பெண்களின் ஞாபக சக்தி அபூர்வமானது என்பதாக மட்டும் நான் நினைக்கவில்லை. ஒரே ஒருவர் சொல்லில் வழக்கு தொங்கவில்லை. ஊர் முழுக்கச் சாட்சி. அன்றைக்கு யார் யார் அங்கே பணியில் இருந்தார்கள் என்பதற்கு அரசாங்கத்தின் பதிவேடுகளே இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, சாட்சிகள் அந்த 19 வருஷமும் தனியாக விடப்படவில்லை. சங்கம் கூடவே நின்றது. கம்பாலப்பள்ளிக்கும் வாச்சாத்திக்கும் வித்தியாசம் மூளையில் இல்லை.

இன்னொரு வழக்கு. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் இருந்து கடத்தப்பட்ட கோகுல்ராஜ் மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். கூட இருந்த பெண் நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். 2022 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவரை மறுபடி வரவழைத்து, கோயில் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டியபோது, காட்சியில் இருப்பது தான் இல்லை என்றார். தன் முகத்தையே தனக்குத் தெரியாது என்று ஒருவரைச் சொல்ல வைக்கிற சக்தி எது? அந்தப் பெண்ணை ஏசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் மறுநாள் காலையில் எந்த வீட்டில் கண் விழிக்க வேண்டும் என்பதை யோசிக்க வேண்டும். மதுரை நீதிமன்றம் 2022 மார்ச்சில் கொடுத்த தண்டனையை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் உறுதி செய்தது. கேமராப் பதிவும் மற்றச் சான்றுகளும் நின்றதால் நடந்தது அது.

ஓசூருக்குப் பக்கத்துக் கிராமத்து இளைஞரும் அவர் மணந்துகொண்ட பெண்ணும் 2018 நவம்பரில் கொல்லப்பட்டு, கர்நாடகத்தில் மாண்டியா மாவட்டத்துக் காவிரியில் மிதந்தார்கள். அங்கே அவரைத் தெரிந்தவர் யாருமில்லை. சட்டையில் இருந்த அம்பேத்கர் படமும் ஊர்ப் பெயரும்தான் போலீசை இங்கே கூட்டி வந்ததாக அப்போது செய்திகள் வந்தன.

ஞாபகத்தை நேரே மூளையிலிருந்தே எடுத்துவிடலாம் என்றும் முயற்சி நடந்தது. பெங்களூரில் 2004-ல் சாதி மாறிக் கல்யாணம் செய்த ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில், பெண் வீட்டார்மேல் பொய் கண்டறியும் சோதனையும் மூளை வரைபடச் சோதனையும் நடத்தப் பார்த்தார்கள். அது செல்வி வழக்கு என்று உச்ச நீதிமன்றம் வரை போய், 2010 மே 5 அன்று சம்மதமில்லாமல் இவற்றைச் செய்யக்கூடாது என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பு சரி என்பது என் கட்சி. இன்று அவன் மூளையில் கம்பி வைத்தால் நாளை காலனிப் பையன் மூளையில்தான் அதிகம் வைப்பார்கள்.

நம் பக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். சம்பவம் நடந்த மறுநாள் காலனிக்குள் நாலு இயக்கம், ரெண்டு உண்மை அறியும் குழு, பத்திரிகைக்காரர் என்று நுழைகிறோம். எல்லோரையும் மரத்தடியில் உட்காரவைத்து, நல்லாப் பேசத் தெரிந்த ஒருவரைப் பேச வைக்கிறோம். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் அவர் பார்த்தது எல்லோரும் பார்த்ததாக ஆகிவிடுகிறது. இது பொய் இல்லை, ஞாபகம் இயங்குகிற விதம். கேட்டது பார்த்ததோடு கலந்துவிடும். அதேபோல, இருந்திருப்பான் என்று நம்பத் தகுந்த எதிரி, இருந்தான் என்று பட்டியலில் ஏறிவிடுகிறான். ‘அவன் இல்லாமயா இது நடந்திருக்கும்?’ என்பது அரசியலில் சரி. முதல் தகவல் அறிக்கையில் அது ஒரு ஓட்டை. அவன் அன்றைக்கு வேறு ஊரில் இருந்தான் என்று நிரூபித்துவிட்டால், உண்மையிலேயே தீ வைத்த பத்துப் பேரும் அந்த ஓட்டை வழியாகவே வெளியே போய்விடுவார்கள்.

ஆகவே முதல் நாளில் செய்ய வேண்டியது கோஷம் மட்டுமல்ல. பார்த்தவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்து, எதையும் எடுத்துக் கொடுக்காமல், ‘என்ன நடந்துச்சு, நீங்களே சொல்லுங்க’ என்று மட்டும் கேட்டு, குறுக்கே பேசாமல், அவர்கள் மொழியிலேயே போனில் பதிவு செய்ய வேண்டும். பார்த்தது எது, பிறகு கேள்விப்பட்டது எது என்று அவர்களையே பிரித்துச் சொல்லச் சொல்ல வேண்டும். ‘தெரியல’ என்று வருகிற இடத்தில் தெரியல என்றே விட வேண்டும். எங்கே நின்றார், தெருவிளக்கு எங்கே, நடுவில் என்ன மறைப்பு என்று அன்றைக்கே படம் எடுக்க வேண்டும். ரெண்டு மாதத்தில் அங்கே சுவர் வந்துவிடும். முக்கியமான சாட்சிகளை மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போய் வாக்குமூலம் பதிய வைக்க வேண்டும். பழைய சட்டத்தில் 164, இப்போது 183.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிற 15-ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு, போக்குவரத்துச் செலவு, மறுவாழ்வு எல்லாம் கேட்கிற உரிமையைத் தருகிறது. வழக்கு நடவடிக்கைகள் அனைத்தையும் வீடியோவில் பதிய வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. கேட்காமல் இதை யாரும் செய்யப் போவதில்லை. விசாரணை தொடங்குகிற அன்றே மனுப் போட வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி வக்கீல்கள் அந்த மனுவில் தனியாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்: சாட்சி தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசினால், மொழிபெயர்ப்போடு சேர்த்து அவர் பேசிய பேச்சும் அப்படியே பதிவில் இருக்க வேண்டும்.